மஞ்சள் வைக்காத சீலை

அந்தக் கவரை மடியில வெச்சுக்கோங்க அம்மிணி, கீழ வெக்காதீங்க. பஸ்ஸெல்லாம் ஒரே புழுதி. ஆயிரம் இருந்தாலும் புதுச்சீலை. எழவுக்குத்தானுங்க போறீங்க? எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? கவர் வாயத் தொறந்துட்டுக் கெடக்குது, மூலை தெரியுது, மூலையில மஞ்சள் இல்ல. கல்யாணம் காதுகுத்துன்னா, கடையில இருந்து ஊட்டுக்கு வந்ததும் நம்ம கை தானாப் போயி மஞ்சள் டப்பாவைத் தொட்டுருமுங்க. எழவுக் கோடிக்குத்தான் வைக்க மாட்டோம். செத்தவ சுமங்கலியா இருந்தாலுஞ் செரி, மொகத்துக்குப் பூசுவாங்களே ஒழிய, மேல போத்தற கோடிக்கு மஞ்சள் கெடையாது. நான் இதே தொழில்ல இருக்கறவளுங்க. பத்தடி தூரத்துல இருந்தே சொல்லிருவேன்.

எந்தூருங்க? குண்டடமா. யாரு தவறுனது, பெரியம்மாவா? வயசானவங்கதான? வெசனப்படாதீங்க. உங்களுக்கு எப்படிச் சொன்னாங்க? "பெரியம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, கெளம்பி வாங்க"ன்னுதான? அதேதான். செத்துப்போச்சுன்னு எவ போன்ல சொல்றா? முடியலம்பாங்க, பதறாதீங்கம்பாங்க. "ஒத்தையில வராதீங்க"ன்னு ஒரு வார்த்தை சேந்துதுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீங்க வெவரமானவங்க, புரிஞ்சுக்கிட்டுக் கோடியோட கெளம்பிட்டீங்க.

நான் தாராபுரம் போறனுங்க. எம் பொண்ணு தாரணி அங்க ஆஸ்பத்திரியில இருக்கறா. தலைப்பிரசவம். தேதிக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது, முன்னாலயே வலி எடுத்துருச்சாட்ட இருக்குது. அவ மாமியார் காலைல கூப்புட்டு வரச் சொன்னாங்க. பல்லடத்துல கெடைச்ச பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். பேசிட்டே போலாமுங்க.

என்ன தொழில்னு நீங்க கேக்கவே இல்லையே. நானே சொல்லிடறேன்.

இருவது வருசம் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுனவளுங்க நான். தச்ச துணியில தொங்கற நூலை ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கற வேலை. கம்பெனியில கட்டிங் வேஸ்ட்டைக்கூட வீசமாட்டாங்க. தொடைக்கற துணிக்கு, தலகாணிக்கு, திருப்பி நூலாக்கறதுக்குன்னு மூட்டை மூட்டையாக் கட்டித் தூக்கிட்டுப் போயிருவாங்க. அங்க இருந்து இருந்து, ஒரு சாண் துணி வீணாப் போனாலும் எனக்கு ஆகாது. மனசு அடிச்சுக்கும்.

மூணு வருசத்துக்கு முன்ன எங்கூட்டுக்காரரு தவறிப்போனாரு. நெஞ்சு வலி. ஒரே பொண்ணு, அவளையும் கட்டிக்குடுத்தாச்சு. மறுநா சாம்பல் வாங்கறதுக்கு மருமகன் வர நேரமாச்சுன்னு நானே கெளம்பிப் போயிட்டேன். பொம்பளைக மயானத்துக்குப் போறதில்லதான். போனேன். அங்க இப்பக் கேஸ்ல எரிக்கறாங்க. கோடியெல்லாம் உள்ள போகக்கூடாதாம், பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்குமாம். அதனால மேல கெடக்கறதையெல்லாம் உருவி, பின்னால காம்பவுண்டு ஓரமாக் குமிச்சு வெச்சிருக்காங்க. அம்மிணி, நான் பொய் சொல்லல, இடுப்பு ஒசரம். மடிப்புக் கலையாத சீலைக. ஸ்டிக்கர் பிரிக்காத வேட்டிக. ஒருத்தர் ஒடம்பு மேல அரை மணி நேரம் கெடந்ததைத் தவிர அந்தத் துணிக ஒரு பாவமும் பண்ணல. அங்க வேலை பாக்கற ஆறுச்சாமி அதுல தீ வெக்கறாரு. கருப்பாப் பொகை, டயர் எரிஞ்சாப்ல நாத்தம்.

"ஏனுங்க ஆறுச்சாமியண்ணா, புதுத்துணியைப் போயிக் கொளுத்தறீங்களே?"ன்னேன். "எங்கம்மா போடறது? எங்கூட்டுப் பொம்பளையே தொடமாட்டீங்கறா"ன்னாரு.

அந்தக் குமியலுக்குள்ளதான் எங்கூட்டுக்காரருக்கு எங்கண்ணன் போத்துன பச்சைக்கரை வேட்டி கெடந்துச்சு. அதை உருவி எடுத்தேன். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. சாம்பல் வாங்கப் போனவ, ஆட்டோ நெறையத் துணியோட ஊட்டுக்கு வந்தேன்.

மூஞ்சியச் சுளிக்காதீங்க. எல்லாரும் இதே மூஞ்சியத்தான் காட்டறாங்க. கொளுத்தி ஊரெல்லாம் பொகையாக்கறது நல்லதா, நாலு பேருக்கு ஆகற மாதிரி தச்சுக் குடுக்கறது நல்லதா? நீங்களே சொல்லுங்க. உப்புத் தண்ணியில ஒரு நாள் முழுக்க ஊறவெப்பேன். ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில அடுப்புக் கூட்டி, பெரிய அண்டாவுல வேகவெப்பேன். ரெண்டு நாள் வெயில் காட்டுவேன். அப்புறம் மூலையில மஞ்சள். அது முக்கியமுங்க. ஒவ்வொரு துணிக்கும் என்ற கையாலயே வெப்பேன், வேற ஆளை விடமாட்டேன். மஞ்சள் வெச்சா நல்ல துணி, வெக்காட்டி எழவுத் துணி. அவ்வளவுதானுங்க வித்தியாசம். சாங்கியத்தை நாம்பதான பண்ணோம்? மாத்தறதும் நம்ம கையிலதான இருக்குது?

மொதல்ல கடைக்குப் போற பை தச்சேன். அப்புறம் ஒட்டுப்போர்வை. கலர் கலராத் துண்டு சேத்துத் தைக்கறது, பாத்தீங்கன்னா கண்ணை எடுக்கமாட்டீங்க. "மங்கலம்"னு பேரு வெச்சேன். ஒரு காலேஜ்ல கூப்புட்டு, துணிக்கழிவைக் கொறைக்கற பெண் தொழில்முனைவோர்னு பேனரெல்லாம் கட்டி, மேடையேத்திச் சால்வை போத்துனாங்க. அந்தச் சால்வையும் ரெண்டு பையாயிருச்சு, அது வேற நாயம்! "உங்களுக்கு மூலப்பொருள் எங்கிருந்துங்க வருது?"ன்னு ஒரு புள்ளை மைக்குல கேட்டுச்சு. "மீந்து போற புதுத்துணி கண்ணு"ன்னேன். பொய்யா? கடையில வாங்குனது, புதுசு, மீந்தது. மூணும் உண்மை. யாரு மேல கெடந்துச்சுன்னு அவ கேக்கல, நானும் சொல்லல.

ரெண்டு மிஷினு போட்டேன். தைக்கறதுக்குச் சாந்தாமணின்னு ஒருத்தி வந்தா. எங்க வீதிதான். தாரணியைச் சின்னதுல இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ. அவகிட்டயும் இதே கதைதான் சொல்லி வெச்சிருந்தேன், மீந்து போற புதுத்துணின்னு. மஞ்சள் வெச்சதுக்கப்புறம்தான் துணி அவ கைக்கே போகும்.

தொழிலுன்னா ஏத்த எறக்கம் இருக்கத்தான் செய்யுமுங்க. மார்கழி தையில ஆறுச்சாமிகிட்ட இருந்து துணி நல்லா வரும். குளிருக்குப் பெருசுக தாங்காதில்ல. பட்டு வந்தாப் பெரிய எடம்னு தெரிஞ்சுக்கலாம். ஒரே மாதிரிச் சீலை ஏழெட்டு வந்தா மருமகளுக எல்லாம் ஒரே கடையில அவசரமா எடுத்திருக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். ஒருக்கா ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, நைஞ்ச நூல்சீலை. அந்தம்மாவுக்கு யாருமில்லன்னு அது சொல்லுச்சு. துணி பேசுமுங்க.

சம்மந்தியம்மா, அதாவது தாரணியோட மாமியாரு, ஒருக்கா எங்கூட்டுக்கு வந்திருந்தாங்க. மாசி மாசம். நான் அவங்களுக்குக் காப்பியக் குடுத்துட்டு, "என்னங்கண்ணா, மார்கழியெல்லாம் நல்லா இருந்துச்சு, இந்த மாசம் ஒண்ணுமே விழுகல?"ன்னு ஆறுச்சாமிகிட்டப் போன்ல கேட்டுட்டு இருந்தேன். அவங்க காதுல விழுந்துருச்சு. "என்னங்க சம்மந்தி விழுகல?"ன்னாங்க. "மாங்காயுங்க"ன்னேன். "மாசியில ஏதுங்க மாங்கா?"ன்னு கேட்டுட்டு டம்ளரை அப்படியே வெச்சுட்டாங்க. அன்னையில இருந்து அந்தம்மா எங்கூட்டுல பச்சத்தண்ணி குடிச்சதில்ல.

அப்பத்தான் தாரணி மாசமானா. கட்டிக்குடுத்து அஞ்சு வருசம் கழிச்சு! கோயில் கோயிலா அலைஞ்சு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி... எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஏழாம் மாசம் கட்டுச்சோறு விருந்து போட்டோம். நம்ம பக்கம் அது முடிஞ்சதும் பொண்ணைப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோமில்ல? அவ படுக்கறதுக்குன்னு உள்ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன். விருந்துக்கு வந்த அத்தனை பொம்பளைகளுக்கும் தாம்பூலம் போட்டுக் குடுக்கற பை நாந்தான் தச்சேன். நூத்திச் சொச்சம் பை. பட்டுக்கரை வெச்சு, ஒவ்வொண்ணுலயும் மஞ்சள் வெச்சு. எல்லாரும் அம்சமா இருக்குதுன்னாங்க.

தாரணியக் கூட்டிட்டும் வந்துட்டேன். ஒரு வாரம் எங்கூட்டுலதான் இருந்தா. அந்த ஒரு வாரந்தானுங்க.

அன்னைக்குச் சாந்தாமணி மிஷின்ல உக்காந்திருந்தா. நான் ஒரு சீலையை எடுத்து மேசை மேல போட்டேன். கத்திரிப்பூக் கலரு, கிளிப்பச்சைக் கரை. திடீர்னு மிஷின் சத்தம் நின்னுபோச்சு. என்னடான்னு பாத்தா, சீலையோட முந்தியை விரிச்சு வெச்சு உத்துப் பாத்துட்டு இருக்கறா. ஒரு எடத்துல சின்னதா இழை வாங்கியிருந்துச்சு. "அக்கா, இது எங்கக்காளுக்கு நான் போத்துன சீலை. என்ற வளையல் மாட்டி இழுத்துருச்சு. அவ நெஞ்சு மேல போத்தறப்ப"ன்னா. அவ அக்கா போயி ஒரு மாசங்கூட ஆகல.

"மஞ்சள் வெச்சிருக்கறன் பாரு சாந்தாமணி"ன்னேன். வேற என்ன சொல்றது? அவ சீலையை மடிச்சு நெஞ்சோட கட்டிக்கிட்டா. வாசல் வரைக்கும் போயி, திரும்பி, "கட்டுச்சோத்துக்குக் குடுத்த பையுமாக்கா?"ன்னு கேட்டா. உள்ரூம்ல படுத்திருந்த தாரணி எந்திரிச்சு வந்து கதவு நெலவுல கையை வெச்சுட்டு நிக்கறா. எல்லாத்தையும் கேட்டுட்டா.

அன்னைக்குச் சாயங்காலமே மாமியாரூட்டுக்குப் போயிட்டா. மறுநா போன்ல கூப்புட்டு, "அந்தத் துணியெல்லாம் ஊட்டை விட்டுப் போகட்டும், நீ இனி அதத் தொடமாட்டேன்னு சொல்லு, அடுத்த நிமிசம் வர்றேன். எனக்கும் உன்கிட்டத்தான் பெத்துக்கோணும்னு ஆசையாம்மா"ன்னா. அழுதுட்டேதான் சொன்னா.

நான் என்னங்க பண்றது? அப்பத்தான் மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய கடைக்காரங்க நானூறு தொட்டில்துணி கேட்டிருந்தாங்க. சின்னக் கொழந்தைகளுக்குன்னா மெத்துனு இருக்கோணும், நூல்சீலையாப் பாத்துச் சேக்கோணும். "ஒரு மாசம் பொறு கண்ணு, இந்த ஆர்டரு முடியட்டும், எல்லாத்தையும் ஏறக்கட்டிடறேன்"ன்னேன். போனை வெச்சுட்டா. பெத்தவ சம்பாரிக்கறது யாருக்கு? அவளுக்கும் அவ புள்ளைக்குந்தான? அது இப்பப் புரியாது. நாளைக்கு அந்தக் கொழந்தைய என்ற மடியில போடறப்பப் புரியும்.

ஆனா பாருங்க, எத்தனை சண்டைன்னாலும் பொண்ணுக்கு அம்மா வேணுமுங்க. பத்து நாளைக்கு முன்ன அவளே கூப்புட்டா. "அம்மா, காலு வீங்குதும்மா, செருப்பு ஏறமாட்டீங்குது"ன்னா. புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காம என்ன பண்ணும்? உப்பைக் கொறைச்சுக்கோன்னேன். ரெண்டு நாள் கழிச்சு, தலை வலிக்குது, கண்ணு முன்னால பூச்சி பறக்கறாப்ல இருக்குதுன்னா. நான் அண்டாவுல துணியைப் போட்டுட்டு நிக்கறேன், பொகையில கண்ணு எரியுது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்கு, செரியாப் போயிரும்"ன்னேன். அவ மாமியாரு மொகம் ஊதியிருக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டாங்களாம். இவ, "எங்கம்மாகிட்டக் கேட்டுட்டேன், ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சு"ன்னு போகவே மாட்டேன்னுட்டாளாம்! பாத்தீங்களா? மாமியாரு பேச்சைக் கேக்கல. என்ற பேச்சுத்தான் அவளுக்கு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க.

அந்தச் சந்தோசத்துலதான் கொழந்தைக்கு ஒரு சின்ன மெத்தை தச்சேன். அவளுக்குத் தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்றேன், எறங்கிப் போயிருவீங்களே. மேல கடையில எடுத்த புதுத்துணி. உள்ள, நாலா மடிச்சு, அவங்கப்பனோட பச்சைக்கரை வேட்டி. அத மட்டும் இத்தனை வருசமா வெட்டாம வெச்சிருந்தனுங்க. தாத்தனோட நெஞ்சு மேல கெடந்தது பேரனுக்கு ஆகாதா? அவரு இருந்திருந்தா அந்தக் கொழந்தையக் கீழ விட்டிருப்பாரா? மஞ்சளும் வெச்சேன். கடையில வாங்குனதுன்னு சொல்லித் தாராபுரம் போற ஒரு ஆள்கிட்டத் தாட்டிவிட்டேன். கொழந்தை வர்ற வரைக்கும் சும்மா கெடக்குதேன்னு இவ அதைத் தலைக்கு வெச்சுப் படுத்தாளாம். நேத்து மத்தியானம் கூப்புட்டு, "இதமா இருக்குதும்மா, தலைவலிக்கு நல்லா இருக்குது"ன்னா.

அதுதானுங்க கடைசியாப் பேசுனது. இல்ல, கடைசின்னா, நேத்துப் பேசுனதைச் சொல்றேன்.

இன்னைக்குக் காலைல சம்மந்தியம்மா கூப்புட்டாங்க. மாப்பளைக்குப் போன் அடிச்சா அவரு எடுக்கல, ஆஸ்பத்திரியில அலைஞ்சுட்டு இருப்பாரு. சம்மந்தியம்மாதான் பேசுனாங்க. மாசி மாசத்துல இருந்து எனக்கு மொகங்குடுத்துப் பேசாத பொம்பளைங்க! "ஏனுங்க சம்மந்தி"ன்னு எவ்வளவு தன்மையாக் கூப்புட்டாங்க தெரியுமா? "தாரணிக்குக் கொஞ்சம் முடியல, கெளம்பி வாங்க"ன்னாங்க. வலி வந்துருச்சுங்களான்னேன். "வாங்க, நேர்ல பேசிக்கலாம், பதறாதீங்க"ன்னாங்க. நான் எதுக்குப் பதறோணும், நாலு பேரு பிரசவத்தைக் கூட இருந்து பாத்தவ. "ஒத்தையில வராதீங்க, யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க"ன்னும் சொன்னாங்க. என்ற மேல எவ்வளவு அக்கறை பாருங்க. நமக்கு யாரிருக்கறா? சாந்தாமணியும் இல்ல. எனக்கென்ன வழி தெரியாதா, நானே வந்துட்டேன்.

நீங்க எதுக்குங்க என்ற கையைப் புடிக்கறீங்க?

இருங்க, இன்னும் இருக்குது. போனை வெக்கப் போறப்ப, சொல்றாங்க, "பொறந்த ஊட்டுச் சீலை ஒண்ணு வேணுமுங்க சம்மந்தி. எடுத்துட்டு வந்துருங்க." எனக்கு உச்சி குளுந்து போச்சுங்க! என்ற கையால ஒரு துணி வேணும்னு அந்தம்மா வாய்ல வருதே! பெத்தெடுத்து ஊட்டுக்கு வர்றப்பக் கட்டறதுக்குன்னு அவளுக்கு ஒரு பட்டு எடுத்து வெச்சிருந்தேன். அரக்கு, மாம்பழக் கலர்க் கரை. கடைச் சீலைதானுங்க, சத்தியமாக் கடையில எடுத்தது. இந்தப் பையிலதான் இருக்குது.

ஆனா குத்தறதை விடறாங்களா பாருங்க. "மஞ்சள் வெக்காம எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. என்ற தொழிலைக் குத்திக் காட்டறாங்களாமா. நான் மஞ்சள் வெச்சு ஊரை ஏமாத்தறேன்னு. வேற எதுக்குங்க அப்படிச் சொல்லோணும்? நல்ல காரியத்துக்குப் போற சீலைக்கு மஞ்சள் வெக்கக்கூடாதுன்னு சொல்ற மாமியாரை எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா? அதைக் கேட்டுட்டு நான் சும்மா இருப்பனா? டப்பாவைக் கவுத்து, கொழைச்சு, நாலு மூலைக்கும் அப்பிட்டுத்தான் கெளம்புனேன். மூலைக்கு மட்டுமில்ல, முந்திக்கும் வெச்சேன். பட்டு வீணாப் போனாப் போகுது.

குண்டடம் வந்துருச்சுங்க. எறங்குங்க. உங்க கவரை எடுத்துக்கோங்க.

ஏனுங்க, எறங்கலையா? கண்டக்டரு விசில் அடிச்சுட்டாரு பாருங்க. பஸ் எடுத்துட்டாங்க. அய்யோ, உங்க பெரியம்மா... என்ன, எனக்குத் தொணைக்கா? தாராபுரம் வரைக்குமா? எதுக்குங்க? எனக்கு எதுக்குங்க தொணை?

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அம்மிணி. வாயத் தொறக்காதீங்க. அழுகாதீங்க. இந்தாங்க, இந்தச் சீலையப் புடிங்க. நல்லா விரிச்சுப் பாருங்க. இந்த மூலையில இருக்குதுங்களா? அந்த மூலையில? நீங்களே உங்க வாயால சொல்லுங்க, மஞ்சள் இருக்குதுங்களா இல்லீங்களா?